கைக்குள் அடங்கும் ஃபிளாக்‌ஷிப் போன்: 80,000 ரூபாயை எடுத்து வைக்கும் முன் 8 சோதனைகள்!

சாயர்புரத்தில் ரீசார்ஜ் செய்யவோ, டெம்பர்டு கிளாஸ் ஒட்டவோ, சார்ஜர் வாங்கவோ ஊரைத் தாண்ட வேண்டியதில்லை. ஆனால், 55,000 முதல் 80,000 ரூபாய் வரை விலையுள்ள ஒரு போனைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்க வேண்டும் என்றால், சுமார் 20 கிலோமீட்டர் தள்ளியுள்ள தூத்துக்குடிக்கு பஸ் ஏற வேண்டும். அந்த அலைச்சல் எதற்கு என்று நான்கு யூடியூப் வீடியோக்களைப் பார்த்துவிட்டு ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

சாதாரண போன் என்றால் அதில் பெரிய தவறில்லை. 'காம்பேக்ட் ஃபிளாக்‌ஷிப்' எனப்படும் சின்ன, விலை உயர்ந்த போன்களுக்கு மட்டும் அந்த வழி சரிப்படாது. அதை வாங்க ஒரே காரணம், கையில் அடங்குகிறது என்பதுதான். அந்த ஒரு விஷயத்தை எந்த வீடியோவும் காட்டாது. கையில் அடங்குவதற்காக அந்த போன் எதையெல்லாம் விட்டுக்கொடுத்திருக்கிறது என்பதை எந்த விளம்பரமும் சொல்லாது. பிள்ளையின் ஒரு வருடப் படிப்புச் செலவுக்குச் சமமான பணம் ஒரு சின்னப் பெட்டிக்குள் போகிறது. அதற்கு முன் இந்த இரண்டையும் நீங்களே சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது.

சின்னது என்றால் எவ்வளவு சின்னது?

2020-ல் ஆப்பிள் கொண்டுவந்த ஐபோன் 12 மினியின் டிஸ்ப்ளே 5.4 அங்குலம். அகலம் 64.2 மில்லிமீட்டர். சட்டைப் பையில் போட்டால் இருப்பதே தெரியாது. அடுத்த வருடம் 13 மினி வந்தது. அத்தோடு அந்த வரிசை நின்றுபோனது. 5.9 அங்குலத்தில் ஸென்ஃபோன் 10-ஐ 2023-ல் கொண்டுவந்த அசூஸ், அடுத்த வருடம் ஸென்ஃபோன் 11 அல்ட்ராவை 6.78 அங்குலத்துக்குக் கொண்டுபோய்விட்டது. வீடியோவும் ரீல்ஸும் பெரிய திரையைக் கேட்டன. பெரிய திரை பெரிய பேட்டரியைக் கேட்டது. நிஜமான குட்டி போன்களுக்குச் சந்தையில் இடமில்லாமல் போனது.

இன்று 'காம்பேக்ட்' என்ற பெயரில் விற்பவை 6.2 முதல் 6.4 அங்குலம் வரையிலான போன்கள். 2025-ல் இந்தியாவுக்கு வந்தவற்றில் முக்கியமான ஆறு போன்களை மட்டும் பார்ப்போம். விலைகள் அறிமுகத்தின்போது அறிவிக்கப்பட்டவை. பண்டிகை விற்பனையில் குறையும், பேங்க் ஆஃபரில் இன்னும் குறையும்.

• சாம்சங் கேலக்ஸி எஸ்25: 6.2 அங்குலம், அகலம் 70.5 மி.மீ, 162 கிராம், பேட்டரி 4,000 எம்ஏஹெச். 256 ஜிபி 80,999 ரூபாய்.

• ஐபோன் 17: 6.3 அங்குலம், 71.5 மி.மீ, 177 கிராம். பேட்டரி அளவை ஆப்பிள் எம்ஏஹெச் கணக்கில் விளம்பரப்படுத்துவதில்லை. 256 ஜிபி 82,900 ரூபாய்.

• கூகுள் பிக்ஸல் 10: 6.3 அங்குலம், 72 மி.மீ, 204 கிராம், 4,970 எம்ஏஹெச். 256 ஜிபி 79,999 ரூபாய்.

• ஷாவ்மி 15: 6.36 அங்குலம், 71.2 மி.மீ, 191 கிராம், 5,240 எம்ஏஹெச். 512 ஜிபி 64,999 ரூபாய்.

• ஒன்பிளஸ் 13எஸ்: 6.32 அங்குலம், 71.7 மி.மீ, 185 கிராம், 5,850 எம்ஏஹெச். 256 ஜிபி 54,999 ரூபாய்.

• விவோ எக்ஸ்200 எஃப்இ: 6.31 அங்குலம், 71.8 மி.மீ, 186 கிராம், 6,500 எம்ஏஹெச். 256 ஜிபி 54,999 ரூபாய்.

பெரிய போனான கேலக்ஸி எஸ்25 அல்ட்ராவின் அகலம் 77.6 மி.மீ, எடை 218 கிராம். ஏழு மில்லிமீட்டர் வித்தியாசம் என்பது படிக்கும்போது ஒன்றுமில்லாததுபோல் தெரியும். கட்டைவிரல் மறு ஓரத்தைத் தொடுமா, தொடாதா என்பதை முடிவு செய்வது அந்த ஏழு மில்லிமீட்டர்தான்.

இன்னொரு விஷயம். 'ஃபிளாக்‌ஷிப்' என்ற சொல்லுக்குச் சட்டப்படி எந்த வரையறையும் கிடையாது. ஒரே விலையில் வந்த ஒன்பிளஸ் 13எஸ்ஸில் இருப்பது ஸ்னாப்டிராகன் 8 எலைட் என்ற உச்ச வரிசை சிப். விவோ எக்ஸ்200 எஃப்இயில் இருப்பது அதற்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்த டைமென்சிட்டி 9300 பிளஸ். வாட்ஸ்அப்பிலும் போட்டோவிலும் இந்த வித்தியாசம் தெரியப்போவதில்லை. பெரிய கேம் விளையாடுபவருக்குத் தெரியும். சிப்பின் பெயரைக் கேட்காமல் 'ஃபிளாக்‌ஷிப்' என்ற சொல்லுக்கு மட்டும் காசு கொடுக்காதீர்கள்.

சோதனை 1: கை

கடையில் சங்கிலியில் கட்டி வைத்திருக்கும் டெமோ போனை ஒரு நிமிடம் தடவிப் பார்ப்பது சோதனை ஆகாது. அது கவர் போடாத போன். வீட்டுக்கு வந்ததும் நீங்கள் போடப்போகும் கவர், அகலத்தில் மூன்று, நான்கு மில்லிமீட்டரையும் எடையில் 20, 30 கிராமையும் கூட்டிவிடும். 'அண்ணாச்சி, இதுக்கு ஒரு கவர் போட்டுக் காட்டுங்க' என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

பிறகு, ஒரே கையில் பிடித்தபடி நான்கு வேலைகளைச் செய்து பாருங்கள். திரையின் மேல் மூலையைக் கட்டைவிரலால் தொடுங்கள். ஒரு வரி டைப் செய்யுங்கள். கேமராவைத் திறந்து ஒரு போட்டோ எடுங்கள். யுபிஐ ஆப்பைத் திறப்பதுபோல் திரையைக் கீழிருந்து மேலே தள்ளுங்கள். நான்கில் ஏதாவது ஒன்றுக்குப் பிடியை மாற்ற வேண்டியிருந்தால், அந்த போன் உங்கள் கைக்குக் காம்பேக்ட் அல்ல. இன்னொருவர் கைக்கு இருக்கலாம். வீட்டில் யார் அதிகம் பயன்படுத்தப்போகிறாரோ, கடைக்கு அவர்தான் வர வேண்டும்.

எடையை உணர ஐந்து நிமிடம் வேண்டும். 162 கிராமுக்கும் 204 கிராமுக்கும் இடையே 42 கிராம் வித்தியாசம். படுத்தபடி படிக்கும்போது, பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அந்த 42 கிராம் மணிக்கட்டில் தெரியும்.

சோதனை 2: பேட்டரி

போன் சின்னதானால் முதலில் சுருங்குவது பேட்டரிக்கான இடம்தான். இதைச் சமாளிக்கச் சீன நிறுவனங்கள் சிலிக்கான் கார்பன் என்ற வகை பேட்டரிக்கு மாறியிருக்கின்றன. வழக்கமான லித்தியம் பேட்டரியின் ஒரு முனையில் இருப்பது கிராஃபைட். அதே எடையில் சிலிக்கான் பல மடங்கு அதிக லித்தியத்தைப் பிடித்துவைக்கும். ஆனால், சார்ஜ் ஏறும்போது அது ஊதும். கார்பனோடு கலந்து அந்த ஊதலைக் கட்டுப்படுத்துவதுதான் இந்தத் தொழில்நுட்பம். ஏறக்குறைய ஒரே அகலமுள்ள போன்களில் ஒன்றில் 4,000 எம்ஏஹெச்சும், இன்னொன்றில் 6,500 எம்ஏஹெச்சும் இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

உங்களுக்கு எவ்வளவு தேவை என்பதை இப்போதைய போனே சொல்லும். காலையில் முழு சார்ஜோடு தொடங்கி, இரவு தூங்கப்போகும்போது எத்தனை சதவிகிதம் செலவாகியிருக்கிறது என்று மூன்று நாள் குறித்து வையுங்கள். பழைய போன் 5,000 எம்ஏஹெச், ஒரு நாளில் 70 சதவிகிதம் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் உங்கள் நாள் செலவு 3,500. புதிய 4,000 எம்ஏஹெச் போன் இரவு வரை தாங்கும். 90 சதவிகிதம் செலவாகிறது என்றால் 4,500. அந்தச் சின்ன போன் நீங்கள் தூங்கப்போகும் முன்பே அணைந்துவிடும். சின்ன திரையும் புதிய சிப்பும் கொஞ்சம் மிச்சப்படுத்தலாம். உங்கள் பழைய பேட்டரி தேய்ந்திருந்தால் உண்மைச் செலவு இந்தக் கணக்கைவிடக் குறைவாகவும் இருக்கலாம். அதிசயம் மட்டும் நடக்காது.

பலரும் யோசிக்காத இன்னொரு கணக்கும் உண்டு. பேட்டரியின் ஆயுளை 'சைக்கிள்' என்ற அளவில் சொல்வார்கள். மொத்தமாக 100 சதவிகிதம் செலவானால் ஒரு சைக்கிள். ஐபோன் 15 முதல் வந்த மாடல்களில் 1,000 சைக்கிளுக்குப் பிறகும் 80 சதவிகிதக் கொள்ளளவு இருக்கும் என்கிறது ஆப்பிள். இந்த 1,000 சைக்கிளையே எல்லா போனுக்கும் பொது அளவாக வைத்துப் பாருங்கள். தினமும் 4,000 எம்ஏஹெச் செலவழிப்பவருக்கு, 4,000 எம்ஏஹெச் போனில் 1,000 சைக்கிள் முடிய 1,000 நாள் ஆகும். அதாவது, மூன்று வருடம்கூட இல்லை. அதே செலவுக்கு 6,500 எம்ஏஹெச் போனில் 1,600 நாளுக்கு மேல் ஆகும். சின்ன பேட்டரி சீக்கிரம் தீர்வதோடு சீக்கிரம் தேயவும் செய்யும். நான்கைந்து வருடம் வைத்திருக்கும் எண்ணம் இருந்தால், இடையில் ஒருமுறை பேட்டரி மாற்றும் செலவை இப்போதே விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

சோதனை 3: வெயில்

ஐபோனும் கேலக்ஸியும் இயங்கத் தகுந்த சுற்றுப்புற வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை என்று அந்த நிறுவனங்களே சொல்கின்றன. தூத்துக்குடி மாவட்டத்தின் கோடைப் பகல் அந்த எல்லையைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். சக்தி வாய்ந்த சிப், சின்ன உடம்பு. சூடு வெளியேற இடம் குறைவு. சூடு ஏறினால் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், திரை வெளிச்சத்தை மங்கவைக்கும், சில நேரம் சார்ஜ் ஏற்றுவதையே நிறுத்திவிடும். இது பழுது அல்ல, அதன் இயல்பு.

ஏசி ஷோரூமில் எல்லா போனும் குளுகுளுவென்றுதான் இருக்கும். டெமோ போனில் 4கே வீடியோவைப் பத்து நிமிடம் விடாமல் ரெக்கார்டு செய்து பாருங்கள். கேமராவுக்குப் பக்கத்தில் பின்பக்கம் எவ்வளவு சுடுகிறது என்பது தெரியும். அங்கேயே கை பொறுக்காத சூடு என்றால், ஏப்ரல், மே மாத பஸ் ஸ்டாப்பில் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் அனுமதித்தால் வாசல் வரை எடுத்துச் சென்று வெயிலில் திரையைப் பாருங்கள். 'நிட்ஸ்' என்ற வெளிச்ச அளவை விளம்பரத்தில் 2,600, 3,000, 5,000 என்று போடுவார்கள். சிலர் சொல்வது திரையின் ஒரு சின்ன மூலை எட்டும் உச்ச அளவு, சிலர் சொல்வது முழுத் திரையும் வெயிலில் காட்டும் அளவு. இரண்டையும் ஒப்பிட முடியாது. உங்கள் கண்ணை நம்புங்கள்.

சோதனை 4: உப்பு

உள்நாட்டு ஊர்களில் எழுதப்படும் போன் விமர்சனங்களில் இது வராது. துறைமுகம், உப்பளம், படகுத்துறை என்று தினமும் போய் வருகிறவர்கள் இருக்கும் மாவட்டம் இது. அவர்களுக்கு இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

'ஐபி68' என்று பெட்டியில் இருந்தால் தண்ணீரில் விழுந்தாலும் தாங்கும் என்பது பொதுவான நம்பிக்கை. அந்தச் சோதனை நடப்பது ஆய்வுக்கூடத்தில், நல்ல தண்ணீரில். கேலக்ஸி எஸ்25-க்கு 1.5 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். ஐபோன் 17-க்கு 6 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். கடல் நீர் இந்தக் கணக்கில் சேராது. கடற்கரையில் பயன்படுத்துவது உகந்ததல்ல என்று சாம்சங் தன் குறிப்பிலேயே சொல்கிறது. பிக்ஸல் 10, ஷாவ்மி 15 ஆகியவையும் ஐபி68. விவோ எக்ஸ்200 எஃப்இக்கு ஐபி68-உடன், பீய்ச்சி அடிக்கும் நீரைத் தாங்கும் ஐபி69 சான்றும் உண்டு. ஒன்பிளஸ் 13எஸ்ஸுக்கு ஐபி65 மட்டும்தான். அதாவது தெறிக்கும் நீரைத் தாங்கும். மூழ்கினால் உத்தரவாதம் இல்லை.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். தண்ணீர் தாங்கும் என்று விளம்பரம் செய்யும் நிறுவனங்களின் சாதாரண வாரன்ட்டியில், தண்ணீர் புகுந்து கெட்டுப்போனால் பொதுவாக இலவச ரிப்பேர் கிடையாது. வாரன்ட்டி அட்டையின் அந்தப் பகுதியைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

உப்புக் காற்றும் ஈரமும் முதலில் அரிப்பது சார்ஜிங் துளையின் முனைகளை. கடல் நீர் பட்டால் நல்ல தண்ணீரில் நனைத்த மென்மையான துணியால் துடைத்து, துளை முழுவதும் காய்ந்த பிறகே சார்ஜ் போட வேண்டும். ஈரத்தோடு சார்ஜ் போட்டால் மின்சாரமும் உப்பும் சேர்ந்து முனைகளைத் தின்றுவிடும். வயர்லெஸ் சார்ஜிங் இருந்தால் அந்த நேரத்தில் துளையைத் தொடாமல் சமாளிக்கலாம். எஸ்25, ஐபோன் 17, பிக்ஸல் 10, ஷாவ்மி 15 ஆகியவற்றில் அது உண்டு. ஒன்பிளஸ் 13எஸ்ஸிலும் விவோ எக்ஸ்200 எஃப்இயிலும் இல்லை. நகரத்தில் சொகுசாகத் தெரியும் ஒரு வசதி, கடலோரத்தில் அவசரத்துக்கு உதவும் வழியாகிவிடுகிறது.

சோதனை 5: கேமராவில் எது இல்லை?

எத்தனை மெகாபிக்ஸல் என்று கேட்பதைவிட, எந்த லென்ஸ் இல்லை என்று கேளுங்கள். சின்ன உடம்பில் எல்லாவற்றுக்கும் இடம் இருக்காது.

ஒன்பிளஸ் 13எஸ்ஸில் பின்பக்கம் இரண்டே கேமரா. தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் 2 மடங்கு டெலிஃபோட்டோ இருக்கிறது. அகலமாக எடுக்கும் அல்ட்ரா வைடு இல்லை. ஐபோன் 17-ல் நேர்மாறு: அல்ட்ரா வைடு உண்டு, தனி டெலிஃபோட்டோ லென்ஸ் இல்லை. எஸ்25, விவோ எக்ஸ்200 எஃப்இ, ஷாவ்மி 15, பிக்ஸல் 10 ஆகியவற்றில் மூன்றும் உண்டு. ஆனால், விவோவின் அல்ட்ரா வைடு 8 மெகாபிக்ஸல்தான்.

உங்களுக்கு எது தேவை என்பதை உங்கள் கேலரியே சொல்லும். சர்ச் கல்யாணம், கோயில் கொடை, குடும்ப குரூப் போட்டோ என்று நெருக்கமான இடத்தில் பத்துப் பேரை அடக்குகிறவருக்கு அல்ட்ரா வைடு வேண்டும். பள்ளி ஆண்டு விழாவில் கடைசி வரிசையில் உட்கார்ந்து மேடையில் ஆடும் பிள்ளையை எடுக்கும் பெற்றோருக்கு டெலிஃபோட்டோ வேண்டும்.

இந்த ஆறு போன்களிலும் மெமரி கார்டு போட இடமில்லை. வாங்கும்போது எத்தனை ஜிபியோ, கடைசி வரை அத்தனைதான். வீடியோ அதிகம் எடுப்பவர்கள் குறைந்தது 256 ஜிபி பார்த்து வாங்குவது நல்லது.

சோதனை 6: தமிழ்

சின்ன திரையில் தமிழ் படிப்பதும் ஆங்கிலம் படிப்பதும் ஒன்றல்ல. நம் சொற்கள் நீளம், எழுத்துகள் அகலம். 45 வயதைத் தாண்டியவர் எழுத்தைப் பெரிதாக்கினால், ஒரு வரிக்கு இரண்டு மூன்று சொல்தான் மிஞ்சும். கடையிலேயே செட்டிங்ஸில் எழுத்தின் அளவைக் கூட்டி, ஒரு தமிழ்ச் செய்தியைத் திறந்து படித்துப் பாருங்கள். தமிழ் கீபோர்டைத் திறந்து ஒரு வரி அடியுங்கள். விரல் பக்கத்து எழுத்தில் விழுகிறதா என்று பாருங்கள். அம்மா, அப்பாவுக்கு வாங்குவதாக இருந்தால் இந்த ஒரு சோதனையே போதும். பல நேரங்களில் அவர்களுக்குக் காம்பேக்ட் போன் வேண்டாம் என்பதுதான் விடையாக இருக்கும்.

விளம்பரங்கள் எல்லாம் இப்போது ஏஐ, ஏஐ என்கின்றன. கூகுளின் ஜெமினி லைவ் 2024 முதல் தமிழில் பேசுகிறது. அதற்கு 80,000 ரூபாய் போன் தேவையே இல்லை. அந்தந்த நிறுவனம் தனியாகச் சொல்லும் ஏஐ வசதிகள் தமிழில் வேலை செய்கின்றனவா என்று டெமோ போனில் பேசிப் பார்த்துவிடுங்கள். வேலை செய்யவில்லை என்றால், உங்கள் கணக்கில் அந்த வசதிக்கு மதிப்பு பூஜ்யம்.

சோதனை 7: சிக்னலும் 'ஃபாரின்' போனும்

கப்பல் வேலையிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கும் உறவினர்கள் லீவுக்கு வரும்போது போன் வாங்கி வருவது இந்தப் பக்கத்தில் வழக்கம். 'அங்க விலை கம்மிடா மாப்ள' என்பது பழைய கணக்கு. இப்போது கூடுதலாக ஒன்றைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஐபோன் 14 முதலே சிம் போடும் இடம் கிடையாது, இ-சிம் மட்டும்தான். ஐபோன் 17 வரிசையில் சவூதி, ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் நாடுகளில் விற்கும் போன்களும் அப்படியே. இந்தியாவில் விற்கும் ஐபோன் 17-ல் ஒரு சாதாரண சிம் போடலாம். ஆக, அதே மாடல் என்று ஆசையாய்த் திறந்தால், கையில் இருக்கும் சிம்மைப் போட இடமிருக்காது. இத்தனைக்கும், ஐபோன்கள் தயாராகும் இடங்களில் ஒன்று நம் ஸ்ரீபெரும்புதூர்!

இரண்டு பிளாஸ்டிக் சிம் வைத்திருப்பவர்கள், இந்தியாவில் விற்கும் ஐபோனிலும் பிக்ஸல் 10-லும் ஒன்றை இ-சிம்மாக மாற்ற வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

அடுத்தது அலைவரிசை. கிராமப்புறத்தில் தூரம் செல்வது 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற குறைந்த அலைவரிசை. ஜியோவின் 5ஜி அதையும் பயன்படுத்துகிறது. 'என்28' என்று குறிப்பிடுவார்கள். இந்தியாவில் விற்கும் மாடல் என்றால் கவலையில்லை. வெளிநாட்டு மாடல் என்றால் என்28, என்78 இரண்டும் இருக்கின்றனவா என்று பார்ப்பது அவசியம். வாரன்ட்டியும் நாட்டுக்கு நாடு மாறும். இங்குள்ள சர்வீஸ் சென்டர் ஏற்குமா என்று முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சோதனை 8: எத்தனை வருடம்?

போனின் விலையைப் பார்க்காதீர்கள். வருட விலையைப் பாருங்கள். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போனில் பேங்க் ஆப், யுபிஐ வைத்திருப்பது பூட்டில்லாத பீரோவில் பணம் வைப்பது போன்றது.

சாம்சங் எஸ்24 வரிசை முதல் 7 வருட அப்டேட் தருவதாக அறிவித்திருக்கிறது. பிக்ஸல் 8 முதல் கூகுளும் 7 வருடம். ஒன்பிளஸ் 13எஸ்ஸுக்குப் பாதுகாப்பு அப்டேட் 6 வருடம், விவோ எக்ஸ்200 எஃப்இக்கு 5 வருடம். அறிமுக விலையை வைத்துக் கணக்கிட்டால், எஸ்25-ன் வருடச் செலவு ஏறத்தாழ 11,570 ரூபாய். விவோவுக்கு 11,000. ஒன்பிளஸுக்கு 9,170. கடையில் 26,000 ரூபாயாகத் தெரிந்த வித்தியாசம், வருடக் கணக்கில் சில நூறோ, இரண்டாயிரத்துச் சொச்சமோதான். ஆனால், இந்தக் கணக்கு பலிக்க வேண்டுமென்றால் அத்தனை வருடமும் அந்த போனை நீங்கள் வைத்திருக்க வேண்டும். இரண்டே வருடத்தில் மாற்றுகிறவருக்கு 7 வருட வாக்குறுதியால், பழைய போனை விற்கும் விலை கொஞ்சம் கூடலாம், அவ்வளவுதான்.

இந்த வருடங்கள் எண்ணப்படுவது போன் அறிமுகமான நாளிலிருந்து. நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. தள்ளுபடியில் கிடைக்கும் பழைய மாடலை வாங்கும்போது இதைக் கழித்துக்கொள்ளுங்கள். 2024 ஜனவரியில் வந்த எஸ்24-க்கு 2031 வரை காலம் இருக்கிறது. நல்ல தள்ளுபடியில் கிடைத்தால், அதே 6.2 அங்குலத்தில் அது மோசமான தேர்வல்ல.

ஆயுளின் இன்னொரு பாதி சர்வீஸ் சென்டர். அந்த நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சென்டர் தூத்துக்குடியில் இருக்கிறதா, திருநெல்வேலிக்குப் போக வேண்டுமா, மதுரையா? நிறுவனத்தின் இணையதளத்தில் பின்கோடு போட்டுப் பாருங்கள். பிறகு அந்த சென்டருக்கு ஒரு போன் போட்டு, திரை மாற்ற எவ்வளவு, பேட்டரி மாற்ற எவ்வளவு, உதிரிபாகம் வர எத்தனை நாள் என்று மூன்று கேள்வி கேளுங்கள். வாங்கும் முன் கேட்டால் பேரம். வாங்கிய பின் கேட்டால் வருத்தம்.

பணம் கட்டும் நேரத்தில்...

'நோ காஸ்ட் இஎம்ஐ' என்ற பலகையைப் பார்த்ததும் மனம் இளகும். வட்டியில்லாக் கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளிடம் சொல்லிவிட்டது. ஒரே போனை ரொக்கத்துக்கு 56,000 ரூபாய்க்கும், 12 மாத 'வட்டியில்லா' தவணையில் 60,000 ரூபாய்க்கும் தருகிறார்கள் என்றால், அந்த 4,000 ரூபாய்தான் வட்டி. கிரெடிட் கார்டு என்றால் பிராசஸிங் கட்டணமும், வட்டிக்கு 18 சதவிகித ஜிஎஸ்டியும் தனியாக வரலாம். 'ரொக்கமா கொடுத்தா கடைசி விலை என்ன?' என்ற ஒரே கேள்வியில் இது வெளிச்சத்துக்கு வந்துவிடும். ஃபைனான்ஸில் வாங்கினால், மொத்தச் செலவையும் ஒரே இடத்தில் காட்டும் 'முக்கிய விவரத் தாளை' கடன் தருபவர் கொடுத்தே ஆக வேண்டும். 2024 அக்டோபர் முதல் இது கட்டாயம்.

பெட்டியைக் கடையிலேயே திறந்து பாருங்கள். *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண், பெட்டியில் இருப்பது, பில்லில் இருப்பது மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்துகளை டைப் செய்து, இடைவெளி விட்டு அந்த 15 இலக்கத்தையும் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் போனின் விவரம் வரும். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் இந்தச் சோதனையைத் தவறவே விடாதீர்கள். திருட்டு போன் என்று தடை செய்யப்பட்டிருந்தால் அதிலேயே தெரிந்துவிடும்.

செல்போனுக்கு 18 சதவிகித ஜிஎஸ்டி உண்டு. 54,999 ரூபாய் போனில் ஏறத்தாழ 8,390 ரூபாய் வரி. 'பில் இல்லாம வாங்கினா கொறச்சுத் தாரேன்' என்று யாராவது சொன்னால், அவர் குறைப்பது வரியை மட்டுமல்ல, உங்கள் வாரன்ட்டியையும் வழக்குப் போடும் உரிமையையும் சேர்த்துத்தான். சார்ஜர் பெட்டியில் வருகிறதா என்றும் பாருங்கள். சாம்சங், ஆப்பிள், கூகுள் தருவதில்லை. ஒன்பிளஸ் 13எஸ், விவோ எக்ஸ்200 எஃப்இ இரண்டிலும் வருகிறது.

பிரச்னை வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, விற்றவர் பெங்களூரில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. பிரச்னை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். சாயர்புரத்தில் இருப்பவருக்கு தூத்துக்குடியே போதும்.

யாருக்குச் சரிப்படும்?

ஒரு கையாலேயே போனைக் கையாள வேண்டிய வேலை, நாளில் நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் திரையைப் பார்க்காத பழக்கம், நான்கு வருடமாவது வைத்திருக்கும் பொறுமை, இந்த மூன்றும் இருப்பவருக்குக் காம்பேக்ட் ஃபிளாக்‌ஷிப் நல்ல துணை. எடை குறைவுதான் முக்கியம் என்றால் எஸ்25. சார்ஜ்தான் கவலை என்றால் விவோ எக்ஸ்200 எஃப்இ அல்லது ஒன்பிளஸ் 13எஸ். கடல், உப்பளம், மழை என்று அலைபவர் என்றால் ஐபி68-க்குக் கீழே இறங்க வேண்டாம்.

நாள் முழுக்க வீடியோ பார்ப்பவர், கேம் விளையாடுபவர், எழுத்தைப் பெரிதாக வைத்துப் படிப்பவர், இவர்களுக்கு இதே பணத்திலோ, இதில் பாதியிலோ கிடைக்கும் பெரிய போனே நிம்மதி தரும். அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை.

இரண்டுக்கும் நடுவில் தடுமாறுகிறீர்களா? ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப் போய், இந்த எட்டுச் சோதனைகளையும் கடையிலேயே செய்து பாருங்கள். ஆனால், அன்றைக்கே வாங்காதீர்கள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்தும் கை அதே போனைத் தேடினால், அப்போது பணத்தை எடுங்கள்.